ஒன்ராறியோவில் ஒருவரைக் கடைக்குள் வரத் தடுப்பது: உங்கள் அதிகாரத்தை நிரூபிக்கும் வழி

ஒன்ராறியோவில் கடை நடத்துகிற எவரும் ஒருவரைப் பார்த்து, "இனி இந்தக் கடைக்குள் வரக் கூடாது" என்று சொல்லலாம். சொன்ன பிறகும் அவர் வந்தால் அது குற்றம். இவ்வளவும் பெரும்பாலான கடைக்காரருக்குத் தெரியும். ஆனால் விஷயம் பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் போனால் வருகிற கேள்வி வேறு: தடை சொன்னவர் யார், அதைச் சொல்ல அவருக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது?

எங்கள் குடும்பக் கடையில் ஒரு தொல்லை முற்றிப்போய் நீதிமன்றம் வரை போனோம். அந்த ஆள் கடைக்குள் வந்தது கமராவில் தெளிவாக இருந்தது. அதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. மாதக்கணக்காக எங்களை அலைய வைத்தது கடை எந்தக் கம்பனியின் பெயரில் இருக்கிறது, தடை சொன்ன மனேஜர் யாருக்காகப் பேசினார் என்ற இரண்டு கேள்விகளும்தான். அந்தக் கடதாசிகளை முன்கூட்டியே செய்து வைக்க ஒரு வார இறுதி போதும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் ஒன்ராறியோவின் ‘ட்ரெஸ்பாஸ் டு புரொப்பர்ட்டி அக்ட்’ என்ற, பிறர் இடத்துக்குள் அத்துமீறி நுழைவது பற்றிய சட்டத்தை வைத்துத்தான். அல்பேர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா போன்ற மாகாணங்களில் சட்டம் வேறு. ஒன்ராறியோ அரசின் சட்டத் தளத்தில் முழுச் சட்டமும் இலவசமாக இருக்கிறது. சில பக்கங்கள்தான். ஒருமுறை முழுதாக வாசித்துவிடுங்கள்.

1. சட்டத்தின் கண்ணில் நீங்கள் யார் என்று பாருங்கள்

தடை போடும் உரிமையைச் சட்டம் ‘ஒக்குபயர்’ என்ற ஆளுக்குக் கொடுக்கிறது. நிலத்தின் சொந்தக்காரர்தான் ஒக்குபயராக இருக்க வேண்டும் என்று இல்லை. முதல் பிரிவின்படி, இடத்தைக் கைவசம் வைத்திருப்பவர் ஒக்குபயர். அந்த இடத்தின் நிலைமைக்கோ அங்கே நடக்கிற வேலைகளுக்கோ பொறுப்பும் கட்டுப்பாடும் உள்ளவரும், யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கிறவரும் ஒக்குபயர்தான். ஒரே இடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஒக்குபயர்கள் இருக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

ஆகவே வாடகைக்குக் கடை எடுத்திருப்பவருக்கும் இந்த உரிமை முழுதாக உண்டு. "நான் வாடகைக்காரன்தானே, பிளாசாக்காரர் (கடைத்தொகுதியின் உரிமையாளர்) அல்லவா சொல்ல வேண்டும்" என்று தயங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடையின் நான்கு சுவருக்குள் நீங்கள்தான் ஒக்குபயர்.

சிக்கல் ‘நீங்கள்’ என்ற இடத்தில் தொடங்குகிறது. நம்மவர்களின் கடைகளில் பாதிக்கு மேல், பெயர்ப்பலகையில் ஒரு பெயர், லீஸில் (வாடகை ஒப்பந்தத்தில்) பெயருக்குப் பதிலாக எண்ணால் பதிவான ஒரு கம்பனி, வங்கிக் கணக்கில் மனைவியின் பெயர் என்றுதான் இருக்கும். லீஸ் கம்பனியின் பெயரில் இருந்தால் ஒக்குபயர் அந்தக் கம்பனி. கல்லாவில் நிற்கிற அண்ணா அதன் பணிப்பாளராக இருக்கலாம், வெறும் ஊழியராகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அவர் பேசுவது கம்பனிக்காக. அந்தத் தொடர்பைக் காட்டும் கடதாசி வேண்டும்.

இரண்டு கடை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஸ்காபரோ கடை ஒரு கம்பனி, மார்க்கம் கடை இன்னொரு கம்பனி என்றால், ஒன்றின் பெயரில் கொடுத்த தடை மற்றதற்குச் செல்லாது. இரண்டுக்கும் சேர்த்துத் தடுக்க வேண்டுமானால் இரண்டு கம்பனிகளின் பெயரும் இரண்டு விலாசங்களும் அறிவித்தலில் இருக்க வேண்டும். பிரான்சைஸ் கடைகளுக்கும் இதே கதைதான். பலகையில் ஒரே பெயர் இருந்தாலும் ஒவ்வொரு கிளையும் வேறு வேறு ஆளுடைய கம்பனியாக இருக்கலாம்.

2. கடதாசிகளை ஒரே கோப்பில் சேருங்கள்

தொல்லை வருவதற்கு முன்பே செய்து வைக்க வேண்டிய வேலை இது. கோப்பில் இருக்க வேண்டியவை:

லீஸ் பிரதி. எல்லாப் பக்கங்களும் வேண்டாம். உங்கள் கம்பனியின் பெயர், யூனிட் இலக்கம், விலாசம், தவணைக் காலம், கையொப்பப் பக்கம், கடையின் எல்லையைக் காட்டும் வரைபடம் ஆகியவை போதும். லீஸ் காலம் முடிந்து மாதத்துக்கு மாதம் ஓடிக்கொண்டிருந்தால், பிளாசாக்காரரிடம் அதை உறுதிப்படுத்தி ஒரு மின்னஞ்சலாவது வாங்கி வையுங்கள். காலாவதியான லீஸை எதிர்த்தரப்புக்காரர் கையில் எடுத்தால் நேரம் வீணாகும்.

கம்பனியின் புரொஃபைல் அறிக்கை. ஒன்ராறியோ வணிகப் பதிவேட்டில் இணையம் வழியே எடுக்கலாம். கட்டணம் பெரிதாக வராது. பணிப்பாளர்கள் யார், பதிவு செய்த விலாசம் எது என்று அதில் இருக்கும். பழைய பணிப்பாளர் விலகிப் புதியவர் வந்த பிறகும் பதிவேட்டைத் திருத்தாமல் விட்டிருப்பார்கள். இப்போதே பாருங்கள்.

கம்பனி இல்லாமல் தனிநபராக நடத்துகிறவர் என்றால் வணிகப் பெயர்ப் பதிவு. இணையம் வழியே 60 டொலர், ஐந்து வருடம் செல்லும். ஐந்து வருடம் முடிந்தது தெரியாமலே பலர் கடை நடத்துகிறார்கள். பலகையில் உள்ள பெயருக்கும் லீஸில் உள்ள பெயருக்கும் தொடர்பைக் காட்டுவது இந்தப் பதிவுதான்.

இந்தக் கோப்பின் பிரதி ஒன்று கடையிலேயே, கல்லாவுக்குக் கீழே இருக்கட்டும். கணக்காளர் வீட்டில் பூட்டி வைத்த கோப்பு இரவு பத்து மணிக்குப் பொலிஸ் வந்து நிற்கும்போது உதவாது.

3. வாசலுக்கு வெளியே யாருடைய இடம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அதிகம் பேர் வழுக்குகிற இடம் இது. தடை போட்ட ஆள் கடைக்குள் வரமாட்டார். வாசலுக்கு வெளியே, நடைபாதையில் நின்றுகொண்டு வருகிறவர் போகிறவரை மறிப்பார். அல்லது வாகனத் தரிப்பிடத்தில் உங்கள் காருக்குப் பக்கத்தில் நிற்பார். நீங்கள் கொடுத்த அறிவித்தலைக் காட்டினால் பொலிஸ்காரர் கேட்பார்: "இந்த இடம் உங்களுடையதா?"

பிளாசா லீஸ்களில் நடைபாதையும் தரிப்பிடமும் எல்லாக் கடைகளுக்கும் பொதுவான இடம். பாவிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, கட்டுப்பாடு பெரும்பாலும் பிளாசாக்காரரிடம். இப்படிப்பட்ட ஒரு வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வினிப்பெக்கில் போலோ பார்க் என்ற மாலுக்குள், ஒரு கடையின் முன்னால் மறியலில் நின்ற ஊழியரை மால் நிர்வாகம் வெளியேறச் சொன்னது. பொதுமக்கள் எல்லாரும் நடமாடுகிற அந்த நடைபாதை மீது தடை சொல்லும் அளவுக்கு மால்காரருக்குக் கட்டுப்பாடு உண்டு என்று 1975ல் தீர்ப்பு வந்தது. அது மனிற்றோபாச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு. ஆனாலும் கடைக்கு வெளியே உள்ள இடத்தில் பேசும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று விளங்க அது போதும்.

ஆகவே பிளாசாக்காரரிடம், அல்லது அவருக்காக இடத்தைப் பார்க்கும் நிர்வாகக் கம்பனியிடம், ஒரு கடிதம் கேளுங்கள். "இந்த விலாசத்தில் உள்ள பொது நடைபாதை, வாகனத் தரிப்பிடம் ஆகியவற்றில் ட்ரெஸ்பாஸ் டு புரொப்பர்ட்டி சட்டத்தின் கீழ் எங்கள் சார்பில் தடை அறிவித்தல் கொடுக்கவும், வெளியேறச் சொல்லவும் இன்ன கம்பனிக்கு அதிகாரம் அளிக்கிறோம்" என்று இருந்தால் போதும். கம்பனிக் கடிதத் தாளில், கையொப்பமிட்டவரின் பெயர், பதவி, திகதியோடு வேண்டும்.

இது சும்மா கேட்டவுடன் வராது. நிர்வாகக் கம்பனிகள் தங்கள் சட்டத்தரணியைக் கேட்க வேண்டும் என்பார்கள், கோப்பில் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். நீங்களே கடிதத்தை எழுதி, கையொப்பம் மட்டும் போடக் கொடுத்தால் வேலை வேகமாகும். முழு அதிகாரம் தர மறுத்தால், குறிப்பிட்ட அந்த ஆளுக்கு எதிராகத் தங்கள் பெயரிலேயே ஓர் அறிவித்தல் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

இன்னொன்று. சில நகரங்களில் பொலிசே உரிமையாளரின் பிரதிநிதியாக நின்று தடையைச் செயல்படுத்தும் ஏற்பாடு இருக்கிறது. ஒட்டாவாவில் இதை ‘ஏஜென்ட் ஸ்டேட்டஸ்’ என்பார்கள். கடை பூட்டிய பிறகு நடக்கும் தொல்லைக்கு இது மிகவும் உதவும். உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் சமூகத் தொடர்பு அதிகாரியிடம் விசாரியுங்கள்.

4. ஊழியர்களுக்கு அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுங்கள்

ஒக்குபயர் சொல்லலாம், அல்லது ஒக்குபயர் அதிகாரம் கொடுத்தவர் சொல்லலாம் என்று சட்டம் சொல்கிறது. வாயால் கொடுத்த அதிகாரமும் அதிகாரம்தான். ஆனால் வாயால் கொடுத்ததை நிரூபிக்கக் கொடுத்தவரே நீதிமன்றத்துக்கு வர வேண்டியிருக்கும். ஒரு பக்கக் கடிதம் அந்த அலைச்சலைப் பெரும்பாலும் மிச்சம் பிடித்துவிடும்.

கடிதத்தில் இவை வேண்டும்: கம்பனியின் முழுச் சட்டப் பெயர், கடையின் பெயர், யூனிட் இலக்கத்தோடு விலாசம், அதிகாரம் பெறுகிறவர்களின் பெயர்கள், எந்தச் சட்டத்தின் கீழ் என்ன செய்யலாம் (தடை அறிவித்தல் கொடுப்பது, வெளியேறச் சொல்வது, பொலிசை அழைப்பது, கம்பனிக்காகச் சாட்சி சொல்வது), தொடங்கும் திகதி, பணிப்பாளரின் கையொப்பம். "எமது ஊழியர்கள் அனைவரும்" என்று எழுதுவதை விடப் பெயர் பெயராக எழுதுவது நல்லது. புது ஆள் வந்தால் புதுக் கடிதம்.

திகதி முக்கியம். ஜூன் மாதம் கொடுத்த தடைக்கு ஓகஸ்ட்டில் எழுதிய அதிகாரக் கடிதத்தைக் கொண்டு போனால், குறுக்கு விசாரணையில் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள். பழைய திகதியைப் போட்டு எழுதுவதை நினைக்கவே வேண்டாம். அது பொய்ச் சாட்சியம். உங்கள் முழு வழக்கும் அதோடு போய்விடும்.

பாதுகாவலர் வைத்திருந்தால், அவர் கம்பனியோடு நீங்கள் செய்த ஒப்பந்தத்தில் இந்தச் சட்டத்தின் கீழான அதிகாரம் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்ராறியோவில் பாதுகாவலருக்கு மாகாண அனுமதிப்பத்திரம் கட்டாயம். அதன் இலக்கத்தையும் கோப்பில் எழுதி வையுங்கள்.

5. தடை போட வேண்டிய ஆள்தானா என்று யோசியுங்கள்

ட்ரெஸ்பாஸ் சட்டம் காரணம் கேட்காது. மனித உரிமைச் சட்டம் கேட்கும். இனம், நிறம், மதம், பால், வயது, மாற்றுத்திறன் போன்றவற்றை வைத்து ஒருவருக்குச் சேவையை மறுத்தால், அவர் ஒரு வருடத்துக்குள் ஒன்ராறியோ மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆகவே அவர் என்ன செய்தார் என்பதை உங்கள் குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள். "பார்க்கவே சரியில்லை" என்பது காரணம் இல்லை. "மே 3ஆம் திகதி மாலை 6.40க்கு, காசு கொடுக்காமல் இரண்டு மீன் டின்களை உள்சட்டைக்குள் வைத்தார், கேட்டபோது ஊழியரைத் தள்ளினார்" என்பது காரணம்.

சட்டம் கொடுத்த அதிகாரத்தோடு வருகிறவரை உங்கள் தடை கட்டுப்படுத்தாது. சுகாதாரப் பரிசோதகர், நகரசபை அதிகாரி, கடமையில் உள்ள பொலிஸ் எல்லாம் இதில் அடக்கம்.

இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. விலை கூட என்று சத்தம் போட்டவர், கெட்டுப்போன மரக்கறியைத் திருப்பிக் கொடுக்க வந்து வாக்குவாதப்பட்டவர் இவர்களுக்கெல்லாம் தடை போடக் கூடாது. நடந்து போகும் தூரத்தில் நம் சாமான் கிடைக்கிற ஒரே கடை அதுவாக இருந்தால், கார் இல்லாத வயதான ஒருவருக்கு அந்தத் தடை பெரிய தண்டனை. பயமும் களவும் திரும்பத் திரும்ப வரும்போது எடுக்க வேண்டிய ஆயுதம் இது.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு வரி: 12 வயதுக்குக் குறைந்தவர்களைக் குற்றவாளியாகக் காண முடியாது. 12 முதல் 15 வரை நடைமுறை வேறு. பாடசாலை விட்டு வருகிற பிள்ளைகள் என்றால் முதலில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

6. அறிவித்தலை எழுதுங்கள்

வாயால் சொன்னாலும் செல்லும். 5ஆம் பிரிவு வாய்மொழியையும் எழுத்தையும் அறிவிப்புப் பலகையையும் ஏற்கிறது. ஆனால் திறந்திருக்கும் கடைக்குப் பலகை பெரிதாக உதவாது. கதவைத் திறந்து வைத்துவிட்டு எல்லாரையும் வா என்கிறோம், அதனால் குறிப்பிட்ட ஆளுக்குக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பின்னறைக் களஞ்சியம், சமையல் பகுதி போன்ற இடங்களுக்கு மட்டும் "ஊழியர் மட்டும்" பலகை போடுங்கள்.

எழுத்தில் கொடுப்பதே பாதுகாப்பு. ஒரு பக்கம் போதும். அவருடைய பெயர் (தெரியாவிட்டால் தோற்றக் குறிப்பும் கமராப் படமும்), கம்பனியின் பெயர், கடைப் பெயர், முழு விலாசம், "இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதி வரை நீங்கள் இந்த இடத்துக்குள் வருவது தடை செய்யப்பட்டுள்ளது", சட்டத்தின் பெயர், மீறினால் 10,000 டொலர் வரை அபராதம் என்ற எச்சரிக்கை, கொடுத்தவர் பெயரும் பதவியும், "கம்பனியின் சார்பில்" என்ற சொல்லும் கையொப்பமும்.

தடைக்குச் சட்டம் கால எல்லை வைக்கவில்லை. ஒரு வருடம் போடுவது வழக்கம். "வாழ்நாள் முழுக்க" என்று எழுதினால் நீதவான் முன்னால் அது கோபத்தில் எழுதியதாகத் தெரியும்.

ஆங்கிலத்தில் எழுதுங்கள். அவருக்குத் தமிழ்தான் வசதி என்றால் தமிழிலும் வாசித்துக் காட்டி, என்ன சொன்னீர்கள் என்று சொல் மாறாமல் குறித்து வையுங்கள். "வந்தா பொலிசைக் கூப்பிடுவன், போ" என்று சொல்லியிருந்தால் அதையே எழுதுங்கள். பிறகு மொழிபெயர்ப்பாளர் வழியாக அந்தச் சொற்கள்தான் நீதிமன்றத்துக்குப் போகும்.

7. கொடுக்கும் நேரம்

இரண்டு பேர் நில்லுங்கள். ஒருவர் கொடுக்க, மற்றவர் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். கொடுத்த மனேஜர் ஆறு மாதத்தில் வேலையை விட்டுக் கல்கரிக்குப் போய்விட்டால், அறிவித்தல் தடை செய்யப்பட்டவரின் கைக்குப் போனது என்று சொல்ல வேறு ஆள் இருக்க வேண்டும்.

அவர் வாங்க மறுப்பார், கிழித்தெறிவார். பரவாயில்லை. சத்தமாக வாசியுங்கள், முன்னால் வையுங்கள், உங்கள் பிரதியில் "வாங்க மறுத்தார், வாசித்துக் காட்டப்பட்டது" என்று நேரத்தோடு எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, கையைப் பிடிக்கவும் வேண்டாம்.

ஆபத்தாகத் தெரிந்தால் பொலிஸ் வந்திருக்கும்போது கொடுங்கள். ரொறன்ரோவில் அவசரமில்லாத இலக்கம் 416-808-2222, ஆபத்து என்றால் 911. வருகிற அதிகாரியிடம், அறிவித்தல் கொடுத்ததைத் தன் குறிப்பில் எழுதச் சொல்லிச் சம்பவ இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வீட்டு விலாசம் தெரிந்தால் பதிவுத் தபாலிலும் ஒரு பிரதி அனுப்புங்கள், பத்து டொலருக்கு மேல் வரும்.

அன்றைக்கே கமராப் பதிவை வேறாகச் சேமியுங்கள். கடைகளில் உள்ள பல கருவிகள் சில வாரங்களில் பழையதை அழித்து அதன் மேலேயே எழுதிவிடும்.

அவருடைய படத்தை முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் போடாதீர்கள், வாசலில் ஒட்டாதீர்கள். தனியுரிமைச் சட்டத்தில் நீங்கள் மாட்டுவீர்கள். ஊழியர் மட்டும் பார்க்கும் இடத்தில் வைத்தால் போதும்.

8. தடை போட்ட பிறகு அவருக்குச் சாமான் விற்காதீர்கள்

எந்தக் கடதாசியையும் விட வழக்கைக் கெடுப்பது இதுதான். அறிவித்தல் கொடுத்து மூன்று கிழமைக்குப் பிறகு, வார இறுதியில் மட்டும் வேலை செய்கிற மாணவி கல்லாவில் நிற்கிறார். தடை பற்றி அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அந்த ஆள் வருகிறார், லொத்தர் டிக்கெட் ஒன்று வாங்குகிறார், ரசீதோடு போகிறார். பிறகு நீதிமன்றத்தில் அந்த ரசீதைக் காட்டி, "அவர்கள்தான் திரும்ப வரவிட்டார்கள்" என்கிறார்.

உள்ளே வர வெளிப்படையான அனுமதி இருந்தது என்று நிரூபிப்பது குற்றம் சாட்டப்பட்டவரின் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. அது உங்களுக்குச் சாதகம். அந்தச் சாதகத்தை ஒரு ரசீது குழப்பிவிடும். பகுதி நேர ஊழியர், உறவுக்காரர், பாண் இறக்குகிறவர் என்று கல்லாவில் நிற்கக்கூடிய ஒவ்வொருவருக்கும் படத்தைக் காட்டிக் கையொப்பம் வாங்குங்கள். பார்த்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: "உங்களுக்குத் தடை இருக்கிறது, வெளியே போங்கள்" என்று சொல்லிவிட்டு, போகாவிட்டால் பொலிசை அழைப்பது.

9. அவர் திரும்பி வந்தால்

முதலில் வெளியேறச் சொல்லுங்கள். தடை இருந்தும் உள்ளே வந்தது ஒரு குற்றம், சொன்னவுடன் வெளியேறாதது வேறொரு குற்றம். முதலாவதில் ஏதும் ஓட்டை இருந்தாலும் இரண்டாவது நிற்கும். நேரத்தைக் குறியுங்கள்.

9ஆம் பிரிவின்படி ஒக்குபயரும் அவர் அதிகாரம் கொடுத்தவரும் பிடியாணை இல்லாமல் கைதுசெய்து, உடனே பொலிசை அழைத்து ஒப்படைக்கலாம். பியர்சன் விமான நிலையத்தில் தடை அறிவித்தல் பெற்றும் ஆள் ஏற்ற வந்த ரக்சி ஓட்டுநர் ஒருவரின் வழக்கில், அந்தக் கைதுக்கு நியாயமான அளவு பலத்தைப் பாவிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003ல் சொன்னது. ஆனால் என் பேச்சைக் கேட்டால் கைவைக்காதீர்கள். எது ‘நியாயமான அளவு’ என்பதைப் பிறகு வேறொருவர் தீர்மானிப்பார். ஆள் விழுந்து அடிபட்டால் நீங்களே குற்றம் சாட்டப்பட்டவர் ஆகிவிடுவீர்கள்.

பொலிஸ் வந்ததும் கோப்பைக் கொடுங்கள்: லீஸ் பக்கங்கள், கம்பனி அறிக்கை, அதிகாரக் கடிதம், கொடுத்த அறிவித்தலின் பிரதி. அதிகாரி டிக்கெட் (அபராதச் சீட்டு) எழுதினால் வழக்கமாக 65 டொலர்தான். தொடர்ந்து வருகிற ஆள் என்றால் டிக்கெட்டுக்குப் பதிலாக நீதிமன்ற அழைப்பாணை கேளுங்கள். 10,000 டொலர் வரையான அபராதம் அந்த வழியில்தான் வரும். டிக்கெட்டைச் சம்பவம் நடந்து 30 நாளுக்குள் கையில் கொடுக்க வேண்டும், மற்ற வழியில் வழக்கைத் தொடங்க 6 மாதம் இருக்கிறது.

பொலிஸ் வழக்குப் போட மறுத்தால் கதை முடியவில்லை. நீங்களே சமாதான நீதவான் முன்னால் சத்தியம் செய்து முறைப்பாட்டைப் பதியலாம். தனிப்பட்ட முறையில் நடத்திய வழக்கில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானால், அந்த வழக்கு தேவையற்றது என்று நீதிமன்றம் கருதாவிட்டால், நீங்கள் நியாயமாகச் செலவழித்த வழக்குச் செலவை அவர் தர வேண்டும் என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. உடைத்த சாமானுக்கு நட்டஈடும் அதே வழக்கிலேயே கேட்கலாம். அதை வாங்கினால் அதே சம்பவத்துக்குத் தனியாகச் சிவில் வழக்குப் போட முடியாது. இந்த வழியில் போவதானால் அனுமதிப்பத்திரம் உள்ள ஒரு பராலீகலைப் பிடியுங்கள். சட்டத்தரணியை விடச் செலவு குறைவு, இந்த நீதிமன்றத்தில் வாதாட அவர்களுக்கு உரிமை உண்டு.

10. நீதிமன்றத்தில்

டிக்கெட் வாங்கியவர் 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். விசாரணை கேட்டால் திகதி வர மாதக்கணக்காகும். பல இடங்களில் காணொளி வழியாகவும் சாட்சி சொல்லலாம், அழைப்பில் எப்படி என்று பாருங்கள்.

சாட்சிக் கூண்டில் கேட்கப்படுவது ஏறக்குறைய இந்த ஒழுங்கில் வரும்: உங்கள் பெயர், வேலை, கம்பனி. கம்பனி அந்த இடத்தை எந்த உரிமையில் வைத்திருக்கிறது. அந்த நாளில் தடை கொடுக்க உங்களுக்கு அதிகாரம் யார் தந்தார். யாருக்கு, எப்போது, எப்படிக் கொடுத்தீர்கள். அவர்தான் இவர் என்று எப்படித் தெரியும். பிறகுதான் உள்ளே வந்த நாள். பெரும்பாலானவர்கள் கடைசியில் இருந்து தொடங்குவார்கள், களவு, சண்டை, கமரா என்று. வழக்குத் தொடுநர் உங்களை நிறுத்தி மேலே சொன்ன ஒழுங்குக்குக் கொண்டுவருவார். ஆகவே அதே ஒழுங்கில் கடதாசிகளை அடுக்கி எடுத்துப் போங்கள், மூலப் பிரதிகளோடு.

"எனக்குத் தெரிந்தவரை முதலாளி சொல்லியிருப்பார்" போன்ற பதில் வேண்டாம். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அதிகாரக் கடிதம் எழுதிய பணிப்பாளரும் அன்றைக்கு வந்து நின்றால் நல்லது, எதிர்த்தரப்பு கடிதத்தையே கேள்விக்குட்படுத்தினால் அவர் இரண்டு வரி சொல்லி முடித்துவிடுவார்.

கடையில் சம்பவப் புத்தகம் ஒன்றை வழக்கமாக எழுதி வந்தால், அதை வணிகப் பதிவாகச் சமர்ப்பிக்கலாம். சம்பவம் நடந்த நேரத்திலோ சற்றுப் பிறகோ எழுதியிருக்க வேண்டும். எதிர்த்தரப்புக்குக் குறைந்தது 7 நாள் முன்பே அறிவிக்க வேண்டும். கடைசி நாளில் எடுத்துப் போனால் எடுபடாது. ஆகவே விசாரணைத் திகதி வந்தவுடனேயே வழக்குத் தொடுநர் அலுவலகத்துக்கு எல்லாவற்றின் பிரதியையும் அனுப்பிவிடுங்கள்.

கடை கைமாறினால் பழைய கம்பனி கொடுத்த தடைகளை நம்பி இருக்காதீர்கள். புதிய கம்பனியின் பெயரில் அதிகாரக் கடிதமும், தேவையானவர்களுக்குப் புது அறிவித்தலும் எழுதுங்கள். கடையை வாங்கும்போதே பழையவரிடம் தடைப் பட்டியலையும் பிரதிகளையும் கேட்டு வாங்குங்கள். தடைக்காலம் முடிகிற திகதிகளை நாட்காட்டியில் குறித்து, முடிவதற்கு ஒரு மாதம் முன்பு ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள். இன்னும் தேவை என்றால் புதிதாக எழுதிக் கொடுங்கள். தேவையில்லை என்றால், தடை முடிந்துவிட்டது என்று அவருக்கும் ஊழியர்களுக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.